சம்பளப் பட்டியலில் ஒரு பெயர்: விவியன் தாமஸின் நாற்பத்தொன்பது ஆண்டுகள்



நம் கூட்டங்களில் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "நன்றாகப் படித்து, கடுமையாக உழைத்து, இந்த வேலைக்கு இவனை விட்டால் ஆளில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டால், சாதி தானாக விலகிவிடாதா ஐயா?" நம் வீடுகளில் பெற்றோர் சொல்வதும் இதுதான். யாரிடமும் வம்புக்குப் போகாதே, வேலையில் கவனமாக இரு, மேலே வந்துவிடலாம் என்கிறார்கள். பட்டு அறிந்தவர்கள் பாசத்தோடு சொல்லும் சொல் அது. அதை நான் கேலி செய்ய வரவில்லை. அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து அளந்து பார்க்க வந்திருக்கிறேன்.

அந்த மனிதர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். பெயர் விவியன் தாமஸ். அவர்களுடைய வரலாற்றை நாம் படிப்பது புதிய பழக்கமல்ல. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டார். அந்தக் கடிதம் எழுதப்பட்ட ஆண்டில், அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் விவியன் தாமஸ் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வகுத்துக் கொடுத்த அறுவைச் சிகிச்சையால் குழந்தைகள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிகிச்சையின் பெயரில் அவர் பெயர் இல்லை.

தாமஸ் 1910இல் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர். வளர்ந்தது டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில். தந்தை தச்சர். பள்ளி விட்டு வந்ததும் தந்தையோடு உளியும் இழைப்புளியும் பிடித்துப் பழகியவர் மகன். கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த பேர்ல் உயர்நிலைப் பள்ளியில் 1929இல் சிறப்பாகத் தேறினார். மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. அதற்காகத் தச்சு வேலை செய்து காசு சேர்த்தார். அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. வேலைகள் போயின. அடுத்த ஆண்டு, அவர் பணம் போட்டிருந்த வங்கியும் மூழ்கியது. கல்லூரிக்கென்று சேர்த்த காசு அத்தனையும் அதோடு போயிற்று.

1930 பிப்ரவரியில், நிலைமை சீராகும்வரை என்ற எண்ணத்தில், நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வாரச் சம்பளம் 12 டாலர். மேலதிகாரி ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற இளம் வெள்ளை அறுவை மருத்துவர். நாய்களைப் பார்த்துக்கொள்வதும் கூடத்தைச் சுத்தமாக வைப்பதும்தான் வேலை என்று எண்ணிப் போனவர், சில வாரங்களிலேயே மயக்க மருந்து கொடுக்கவும் அறுவை செய்யவும் கற்றுக்கொண்டார். பகலில் பரிசோதனை, இரவில் வேதியியலும் உடலியலும் படிப்பு. அதிர்ச்சி நிலை என்று மருத்துவர்கள் சொல்கிறார்களே, விபத்தில் அடிபட்டவர் திடீரென்று ரத்த அழுத்தம் விழுந்து இறந்துபோகும் நிலை, அதற்குக் காரணம் உடம்பில் உண்டாகும் நச்சு என்று அப்போது பலர் நம்பினார்கள். ரத்தமும் உடல்நீரும் இழப்பதுதான் காரணம் என்று அந்த ஆய்வுக்கூடம் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களைக் காப்பாற்ற அந்த அறிவு உதவியது. அதற்கான பரிசோதனைகளைக் கையால் செய்தவர்களில் முதன்மையானவர் தாமஸ்.

வாண்டர்பில்ட் காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டையும் தாமஸே பின்னாளில் எழுதிவைத்தார்.

முதலாவது, வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் நடந்தது. பரிசோதனையில் ஏதோ தவறு நேர்ந்தபோது பிளேலாக் கோபத்தில் கெட்ட வார்த்தைகளால் திட்டினார். தாமஸ் திருப்பித் திட்டவில்லை, பொறுத்துக்கொண்டும் இருக்கவில்லை. இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு வளர்ந்தவனல்ல நான், தவறு செய்யும்போதெல்லாம் இதுதான் நடக்கும் என்றால் வேலையை விட்டுப் போகிறேன் என்றார். பிளேலாக் மன்னிப்புக் கேட்டார். இனி அப்படிப் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். எண்ணிப் பாருங்கள். 1930. அமெரிக்காவின் தென்மாநிலம். பத்தொன்பது வயதுக் கறுப்பின இளைஞர். வெளியே வேலையில்லாத் திண்டாட்டம். வாரத்துக்கு 12 டாலர் தரும் ஒரே வேலையைப் பணயம் வைத்துத்தான் அவர் அந்தச் சொல்லைச் சொன்னார்.

இரண்டாவது, சில ஆண்டுகள் கழித்து நடந்தது. தாமஸும் அவரோடு வேலை செய்த இன்னொரு கறுப்பினத்தவரும் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் உண்மை தெரியவந்தது. பல்கலைக்கழகத்தின் சம்பளப் பட்டியலில் இருவரின் பதவியும் ஜேனிட்டர், அதாவது துப்புரவுப் பணியாளர். பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர் செய்யும் வேலையைச் செய்துகொண்டிருந்தவருக்குப் பட்டியல் கொடுத்த பெயர் அது. துப்புரவு இழிந்த தொழில் என்று நான் சொல்லவில்லை. இந்த அவையில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். ஒருவர் எந்த வேலை செய்தாலும் அவர் பிறப்பைப் பார்த்து அந்த ஒரு பெயரை எழுதுகிறார்களே, அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் கையெழுத்து நமக்குத் தெரிந்ததுதான்.

தாமஸ் பிளேலாக்கிடம் போய், நான் செய்யும் வேலைக்குத் தொழில்நுட்பப் பணியாளருக்குரிய சம்பள விகிதம் தரவேண்டும் என்றார். பார்க்கிறேன் என்றார் அவர். அதன்பிறகு பேச்சே இல்லை. சில சம்பள நாட்கள் கழித்து இருவருக்கும் பணம் கூடி வந்தது. பதவிப் பெயர் மாறியதா, அல்லது பிளேலாக் சொன்னதற்காகப் பணம் மட்டும் கூட்டினார்களா என்பது இருவருக்கும் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

இந்த இடத்தில் தாமஸின் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் ஹெரால்ட் தாமஸ். அதே நாஷ்வில் நகரத்தில் பள்ளி ஆசிரியர். கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளை ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்துவந்தது நகரக் கல்வி வாரியம். ஒரே படிப்பு, ஒரே அனுபவம், இரண்டு சம்பளம். ஹெரால்ட் அந்த வாரியத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் வழக்கறிஞர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். 1942இல் தீர்ப்பு சாதகமாக வந்தது.

ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர். தம்பி தனியாகப் போய் மேலதிகாரியிடம் கேட்டார். சத்தமில்லாமல் பணம் கூடியது, எழுத்தில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அண்ணன் சங்கத்தோடு நீதிமன்றத்துக்குப் போனார். கறுப்பின ஆசிரியர்களின் உரிமை தீர்ப்பாக எழுதப்பட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

1941இல் பால்டிமோர் நகரத்தின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு அறுவைத் துறைத் தலைவராக பிளேலாக் போனார். தாமஸும் கூட வரவேண்டும் என்பது அவர் விருப்பம். மனைவி கிளாராவையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தாமஸ் போனார். பால்டிமோரில் நாஷ்வில்லைவிட வீட்டு வாடகை அதிகம், பாகுபாடும் குறைவில்லை. ஹாப்கின்ஸில் கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு, தனிக் கழிப்பறை. கறுப்பினத்தவர் என்றால் அங்கே துடைப்பம் பிடிப்பவர் என்றே பொருள். வெள்ளை ஆய்வுக்கூட அங்கி அணிந்து தாமஸ் நடைவழியில் போனால் ஆட்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

1943இல் ஹெலன் டாசிக் என்ற குழந்தைகள் இதய மருத்துவர் ஒரு பிரச்சினையோடு பிளேலாக்கை அணுகினார். சில குழந்தைகள் பிறக்கும்போதே இதயத்தில் நான்கு குறைகளோடு பிறக்கின்றன. நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாததால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். நாலடி நடந்தால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். அந்தக் குழந்தைகளை நீலக் குழந்தைகள் என்றார்கள். நுரையீரலுக்கு அதிக ரத்தம் போக வழி செய்ய முடியுமா என்பது டாசிக்கின் கேள்வி. அவரும் எளிதாக மேலே வந்தவரல்ல. கேட்கும் திறனை இழந்தவர். பெண் என்பதால் முழுப் பேராசிரியர் பதவிக்கு 1959வரை காத்திருந்தவர்.

அந்தக் கேள்வி தாமஸின் கைக்கு வந்தது. முதலில் ஒரு நாயின் உடலில் அதே நீல நிலையை உண்டாக்க வேண்டும். பிறகு அதைச் சரிசெய்ய வேண்டும். வாண்டர்பில்ட்டில் வேறொரு ஆய்வுக்காக அவர்கள் செய்துபார்த்த ஓர் இணைப்பு இங்கே கைகொடுத்தது. கைக்குப் போகும் தமனியைத் திருப்பி, நுரையீரலுக்குப் போகும் தமனியோடு தைப்பது. அன்று எதற்காகச் செய்தார்களோ அதற்கு அது உதவவில்லை. இப்போது அதுவே விடையாயிற்று. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், சுமார் 200 நாய்கள். நீண்ட நாள் உயிரோடிருந்த முதல் நாயின் பெயர் அன்னா. அதன் படத்தை ஹாப்கின்ஸில் மாட்டிவைத்தார்கள். குழந்தையின் மெல்லிய ரத்தக் குழாயைத் தைக்க அன்று கருவிகள் இல்லை. ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்திய கவ்விகளைத் தாமஸ் மாற்றியமைத்தார். ஊசிகளை வெட்டிச் சிறிதாக்கித் தீட்டினார். தச்சரின் மகன் அல்லவா, கருவி இல்லையென்றால் செய்துகொள்ள அவருக்குத் தெரியும்.

1944 நவம்பர் 29. பதினைந்து மாதக் குழந்தை ஒன்றுக்கு முதல் அறுவை. மருத்துவர் பிளேலாக் அந்த இணைப்பை அதற்குமுன் ஒரே ஒரு முறைதான் செய்திருந்தார், அதுவும் தாமஸுக்கு உதவியாளராக நின்று. அன்று தாமஸைக் கூப்பிட்டு அனுப்பினார். பிளேலாக்கின் வலத் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியின்மேல் ஏறி நின்றார் தாமஸ். தையல் சரியாக விழுகிறதா, ஊசி சரியான திசையில் போகிறதா என்று பிளேலாக் கேட்கக் கேட்க, அவர் சொல்லிக்கொண்டே வந்தார். குழந்தை அறுவையைத் தாங்கியது. சில மாதங்கள் உயிரோடிருந்தது. அடுத்தடுத்த குழந்தைகளிடம் சிகிச்சை நன்றாகவே பலித்தது. மூன்றாவதாக வந்த ஆறு வயதுச் சிறுவனின் உதடு அறுவை மேசையிலேயே நீலம் மாறிச் சிவந்தது. ஓராண்டுக்குள் ஹாப்கின்ஸில் 200க்கு மேற்பட்டவர்களுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது.

1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் பிளேலாக், டாசிக். விவியன் தாமஸ் என்ற பெயர் கட்டுரையில் எங்கும் இல்லை. உலகம் முழுவதும் அதை பிளேலாக்-டாசிக் இணைப்பு என்று அழைத்தார்கள்.

தாமஸின் குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் போதவில்லை. பிளேலாக் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலையும் பார்த்தார். காலையில் தையல் போடக் கற்றுக்கொடுத்த அதே இளம் மருத்துவர்களுக்கு மாலையில் கோப்பை நீட்டினார். ஒரு கட்டத்தில், இப்படியே போனால் நாஷ்வில்லுக்குத் திரும்பித் தச்சு வேலைக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்யக்கூடியவர் என்பது பிளேலாக்குக்குத் தெரியும். 1946இல் சம்பளம் உயர்ந்தது. ஹாப்கின்ஸின் கறுப்பினப் பணியாளர்களில் மிக அதிகச் சம்பளம் பெறுபவரானார். மருத்துவராகும் ஆசை இன்னும் விடவில்லை. 1947இல் மார்கன் அரசுக் கல்லூரியில் விசாரித்தார். இத்தனை ஆண்டு அனுபவத்துக்கு மதிப்பெண் எதுவும் தர இயலாது, முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். படித்து முடிக்கும்போது வயது ஐம்பதாகிவிடும் என்று கணக்குப் போட்டு அந்த ஆசையை விட்டார்.

ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் முதன்முதலாகப் பட்டம் பெற்றது 1967இல். அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, அங்கே பயின்ற வெள்ளை அறுவை மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு கறுப்பினத்தவர். மாணவராக உள்ளே வர உரிமையில்லாத இடத்தில் அவர் ஆசிரியராக இருந்தார். ஆசிரியர் என்ற பெயர் இல்லாமல்.

அந்த மாணவர்கள்தாம் பின்னாளில் அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில் துறைத் தலைவர்களானார்கள். டென்டன் கூலி அவர்களில் ஒருவர். கை எப்படி அசையவேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர் தாமஸ் என்று அவர்கள் சொன்னார்கள். 1964இல் பிளேலாக் இறந்தார். அதன்பிறகு அந்த மருத்துவர்கள் காசு போட்டுத் தாமஸின் உருவப்படத்தை எழுதச் செய்தார்கள். 1971இல் அது வழங்கப்பட்டு, பிளேலாக்கின் பெயர் தாங்கிய கட்டடத்தில், அவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டப்பட்டது. 1976இல் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. அதுவும் சட்டத்துறைப் பட்டம், மருத்துவப் பட்டமல்ல. அதே ஆண்டுதான் அறுவைத் துறையின் பயிற்றுநர் என்று ஆசிரியர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. 1979இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகு தன் கதையை எழுதினார். 1985 நவம்பரில் அவர் இறந்தார். அந்த ஆண்டிலேயே புத்தகம் வெளிவந்தது. நான் சொன்ன அந்தக் கெட்ட வார்த்தைச் சம்பவமும், ஜேனிட்டர் என்ற பதவிப் பெயரும், பேச்சில்லாமல் கூடிய சம்பளமும் அந்தப் புத்தகத்தால்தான் நமக்குத் தெரிகின்றன. அது இல்லாமலிருந்தால் ஒரு பெரிய மருத்துவரும் அவருடைய விசுவாசமான உதவியாளரும் என்ற கதைதான் மிஞ்சியிருக்கும். பிறகு வந்த கட்டுரைகளும், 2004இல் வந்த தொலைக்காட்சித் திரைப்படமும் அவரைப் பரவலாக அறியச் செய்தன. இன்று மருத்துவர்கள் பலர் அதை பிளேலாக்-தாமஸ்-டாசிக் இணைப்பு என்று எழுதுகிறார்கள்.

நம்மிடமும் இந்த வழி உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' எழுதியது எதற்காக? தன் காலத்தில் நடந்ததைத் தன் கையால் எழுதிவைக்காவிட்டால், வேறொருவர் வேறொரு விதமாக எழுதுவார் என்பதால்தான் என்று நான் கருதுகிறேன்.

இப்போது மாணவர்களின் கேள்விக்கு வருகிறேன். கடுமையாக உழைத்தால் போதாதா?

உழைப்பு தாமஸுக்கு அறிவைக் கொடுத்தது, கைத்திறமையைக் கொடுத்தது. மற்றவர்கள் தவிர்க்க முடியாத ஆளாக அவரை ஆக்கியது. இவ்வளவும் உண்மை, உழைக்காமல் இதில் எதுவும் நடந்திருக்காது. ஆனால் அவருக்குக் கிடைத்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். மரியாதை கிடைத்தது, போய்விடுவேன் என்று சொன்ன அன்று. சம்பளம் கூடியது, கேட்டபோது. படம் சுவருக்கு வந்தது, அவரிடம் படித்தவர்கள் முன்வந்தபோது. வரலாறு திருந்தியது, அவரே பேனா எடுத்தபோது. திறமையைப் பார்த்து நிறுவனம் தானாகக் கொடுத்தது என்று சொல்ல ஒன்றுகூட எனக்கு அகப்படவில்லை. எல்லாம் கிடைத்த பிறகும் ஒன்று கிடைக்கவில்லை. அவர் மருத்துவராகவில்லை. அந்த இழப்பை எந்த உருவப்படமும் ஈடுசெய்யாது.

விடாமுயற்சி என்று மேடைகளில் புகழ்கிறபோது, பொறுத்துப்போவதையும் அதற்குள் சேர்த்துவிடுகிறோம். தாமஸ் அப்படிப் பொறுத்துப்போனவரல்ல. வேலையில் எவ்வளவு நுணுக்கமோ, கேட்பதிலும் அவ்வளவு நுணுக்கம் அவரிடம் இருந்தது. நமக்கு இதில் இன்னும் ஒரு படி இருக்கிறது. அதைக் காட்டியவர் அவருடைய அண்ணன். தனியாகக் கேட்டால் ஒருவருக்குப் பணம் கூடும். சேர்ந்து கேட்டால் பட்டியலே மாறும்.

ஆகவே படியுங்கள். உழையுங்கள். உங்கள் வேலையில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்ற நிலைக்கு வாருங்கள். வந்த அன்று, உங்கள் அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கத்து மேசையில் இருப்பவருக்கு என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். வேறுபாடு இருந்தால் தனியாகப் போகாதீர்கள். நடந்ததைத் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

ஜெய் பீம்.